பர்மிய அரிசி வணிகமும் சூழலியல் தடமும்

முன்னுரை

இரு நாடுகளுக்கிடையே நிகழும் வணிகத்தைப் பணமதிப்பாலும் எடையாலும் கணக்கிடுவது மரபு. பொருளை விளைவித்த நிலத்தின் பரப்பால் கணக்கிடும் முறை பிற்காலத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ரீஸ் 1992இல் முன்வைத்து, மாத்திஸ் வாக்கர்நாகலுடன் இணைந்து 1996இல் நூலாக விரித்துரைத்த ‘சூழலியல் தடம்’ என்னும் கருத்தாக்கம் இம்முறைக்கு வழிவகுத்தது. பர்மா - இந்திய அரிசி வணிகத்தில் இவ்வளவையைப் பொருத்தி, அதன் பயனையும் எல்லையையும் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவிடும் முறை

மக்களின் நுகர்வுக்குத் தேவைப்படும் விளைநிலம், மேய்ச்சல் நிலம், காடு, மீன்பிடி நீர்ப்பரப்பு, கட்டடப் பரப்பு, கரிவளியை ஈர்க்கத் தேவையான காடு ஆகியவற்றின் கூட்டுத்தொகையே தடம் எனப்படும். இறக்குமதியின் தடம் நுகரும் நாட்டின் கணக்கில் கூட்டப்படும். ஏற்றுமதியின் தடம் கழிக்கப்படும். அரிசியைப் பொறுத்தவரை, எடையை நெல்லாக மாற்றி ஏக்கர் விளைச்சலால் வகுத்தால் நிலப்பரப்பு கிட்டும். ஏறத்தாழ மூன்று பங்கு நெல்லே இரண்டு பங்கு அரிசியாகும். ஆதலின் அரிசியின் எடையை அவ்வாறே வகுத்தால் தடம் சுருங்கித் தோன்றும்.

ஐராவதி வடிநிலம்

ஆங்கிலேயர் 1852இல் கீழ்ப்பர்மாவைக் கைப்பற்றினர். அக்காலத்தில் ஐராவதி வடிநிலத்தில் நெல் விளைந்த பரப்பு ஏறத்தாழ 7 முதல் 8 இலட்சம் ஏக்கர். 1930களில் அது 80 இலட்சம் ஏக்கரைக் கடந்தது. கனசோ மரக்காடுகளும் அலையாத்திக் காடுகளும் கழனிகளாயின. 1930களில் பர்மா ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 இலட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. அதில் பாதியளவு இந்தியாவிற்கு வந்தது. 1937 ஏப்ரல் 1ஆம் நாள் பர்மா தனியாகப் பிரிக்கப்பட்டபோது, அதுவரை உள்நாட்டு வணிகமாக இருந்தது அண்டை நாட்டு வணிகமாயிற்று. கழனிகளோ அவையேதாம்.

கடனும் நிலமும்

காடழித்துக் கழனியாக்கிய உழவர்களுக்குக் கடன் வழங்கியோருள் செட்டிநாட்டு நகரத்தார் முதன்மையானோர். கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930இல் 6 விழுக்காடு நிலமே அவர்கள் வசம் இருந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தால் நெல்விலை வீழ்ந்து கடன்கள் தவணை தவறியபின், 1937இல் அது 25 விழுக்காடாயிற்று.

இம்மாற்றத்தைச் சூழலியல் தடம் பதிவு செய்வதில்லை. விளைச்சலும் நுகர்வோரும் மாறாதவரை, நிலம் கைமாறினும் தடம் மாறாது. பழங்கழனியின் ஓர் ஏக்கரும், காடழித்துப் பெற்ற ஓர் ஏக்கரும் ஒத்த விளைச்சல் தருமெனின் கணக்கில் ஒன்றே. இவை இவ்வளவையின் எல்லைகளாகும்.

ஆயினும், பணக்கணக்கு மறைக்கும் சார்புநிலையை இது வெளிப்படுத்துகிறது. 1942இல் சப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசி வரவு நின்றது. 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தின் பல காரணங்களுள் இதுவும் ஒன்று. அயல்மண்ணின் கழனிகளை நம்பி உண்ட மக்கள் அக்கழனிகளை ஒருசேர இழந்தனர் என்பதே இதன் பொருள்.

முடிவுரை

நிலத்தின் பரப்பைத் தடம் காட்டும். அந்நிலத்தின் முன்னிலையையும் உடைமையாளர் மாற்றத்தையும் ஆவணங்களே காட்டும். நகரத்தாரின் கணக்கேடுகள் இதுவரை பெரிதும் வட்டி, முதல் வரலாற்றுக்காகவே நோக்கப்பட்டுள்ளன. அவற்றில் அடைமானமாகக் குறிக்கப்பெற்ற நிலங்களைச் சூழலியல் நோக்கிலும் ஆராய்தல் வேண்டும். 1942இல் பர்மாவிலிருந்து வெளியேறியோரின் துயரை வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ பதிவு செய்துள்ளது. இத்தகைய தமிழ்ச் சான்றுகளை இணைத்து நோக்கும்போதே, ஒரு பிடி அரிசிக்கு அண்டை நாட்டு நிலமும் மக்களும் தந்த விலை முழுமையாகப் புலப்படும்.