கறி என்னும் மிளகு

சங்கப் பாடல்களில் ‘கறி’ என்னும் சொல் வருமிடத்து இன்றைய மாணவர் பலர் இடர்ப்படுகின்றனர். அவர்கள் அறிந்த கறி, காய்கறியும் இறைச்சியுமே. அகநானூற்றின் இரண்டாம் பாட்டில், பாறைச் சுனையில் ஊறிய கனிச்சாற்றைத் தேறலென்று அறியாது பருகிய கடுவன், அருகிலுள்ள சந்தனமரத்தில் ஏறமாட்டாது பூக்குவியலில் துயில்கின்றது. அம்மரத்தில் வளர்வது கறி. அதனை மிளகுக்கொடி என்று கொள்ளாதவர்க்குக் கபிலர் கண்ட மலை தோன்றாது.

பண்டைத் தமிழர் மிளகைக் கறி என்றனர். ‘மிரியல்’ என்றும் வழங்கினர். பெரும்பாணாற்றுப்படையில் மிரியற் பொதிகளைச் சுமந்து செல்வன கழுதைகள். பலாப்பழம் ஒத்த பொதிகள். சுமந்து சுமந்து தழும்பேறிய முதுகுகள். சுங்கம் கொள்ளும் பெருவழி. அதனைக் காக்கும் வில்வீரர். மிளகு வாணிகம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் யவனர் பொன்னையே பேசுவர். கழுதையின் முதுகையும் நோக்கியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அந்தணர் மனை உணவையும் அவரே காட்டுகின்றார்: மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, மிளகும் கறிவேப்பிலையும் கலந்து, பசு வெண்ணெயில் வெதுப்பியது. கறியிட்டுச் சமைத்த உணவே காலப்போக்கில் கறி எனப் பெயர் பெற்றது என்று கருதுவது பொருந்தும்.

பொன் கொணர்ந்த யவனக் கலங்கள் பேரியாற்று முசிறியில் மிளகேற்றித் திரும்பியதை அகநானூறு (149) கூறும். உறைப்பு ஒன்றன்றி வேறு சிறப்பில்லாத பொருளுக்கு இத்துணை விருப்பமா என வியந்த உரோமை அறிஞர் பிளினி, கருமிளகின் விலை ஓர் இராத்தலுக்கு 4 தெனாரியம் என்றும் குறித்துவைத்தார். எகிப்தின் செங்கடற்கரைப் பெரெனிகே அகழாய்வில், கோயில் வளாகத்தில் புதைந்திருந்த இந்திய மட்கலம் ஒன்றில் 7.5 கிலோவிற்கும் மேற்பட்ட மிளகு கிடைத்தது.

மருந்தாகவும் மிளகு பெருமை பெற்றது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் கூடியது திரிகடுகம். சித்த மருத்துவர் இதனைச் சூரணமாக்கித் தேனிற் குழைத்துக் கோழைக்கும் செரியாமைக்கும் கொடுப்பர். செய்யுள்தோறும் மும்மூன்று பொருள்களை உரைத்த நல்லாதனார் தம் நூலுக்கு இம்மருந்தின் பெயரையே சூட்டினார். அறநூலுக்கு மருந்துச்சரக்கின் பெயரிடும் துணிவு வியக்கத்தக்கது. மிளகின் உறைப்புக்குக் காரணமான பைப்பரினை 1819-இல் எர்ஸ்டெட் பிரித்தெடுத்தார். மஞ்சளின் குர்குமினை உடல் ஏற்பதற்கு அது பெரிதும் துணைசெய்வதைப் பெங்களூரில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மஞ்சளும் மிளகும் சேர்ந்த ரசம் அதற்கு நெடுங்காலம் முந்தியது.

அமெரிக்கக் கண்டத்துக் காய் ஒன்று 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழி இந்நாட்டுக் கரை சேர்ந்தது. மிளகின் பெயராலேயே தமிழர் அதனை மிளகாய் என்றனர். மலையும் மழையும் வேண்டாது சமவெளியில் மலிவாக விளைந்த அது, நாளடைவில் அடுக்களையைக் கைப்பற்றிற்று. மிளகு பொங்கலுக்கும் ரசத்துக்கும் பிள்ளை பெற்றவளின் பத்தியத்துக்கும் ஒதுங்கியது. ஆயினும் முன்னோர்க்குத் திதி கொடுக்கும் நாளில் பல குடும்பங்களில் மிளகாய் வெளியே நிற்கும். அன்றைய சமையலுக்கு மிளகுதான் அம்மியில் அரைபடும்.