மரச்சாமான்களின் வயது: காலம், பாணி, விலை குறித்துச் சில குறிப்புகள்

1

திருவண்ணாமலையில் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்பதற்கு முன்பே கடைக்காரர் சொல்லிவிட்டார்: "நூத்தம்பது வருஷம் சார். பர்மா தேக்கு. விக்டோரியா ஸ்டைல்." வயது, மரம், பாணி என்ற மூன்று கூற்றுகளும் ஒரே மூச்சில் வந்தன. விலை நான்காவதாக வந்தது. முதல் மூன்றும் அந்த நான்காவதற்குப் போட்ட படிக்கட்டுகள்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

கூட வந்திருந்த ஆசாரி ஒன்றும் பேசவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெஞ்சைக் கவிழ்க்கச் சொன்னார். "மேல பாத்து என்ன செய்றது தம்பி, மேல பாலிஷ் பேசும். அடியிலதான் மரம் பேசும்" என்றார்.

அடிப்பக்கம் சொன்னது வேறு கதை. கால்கள் கடைசல் வேலை. கழுந்தும் துளையும் கோத்து, மூங்கில் ஆணி அடித்திருந்தது. பலகையின் அடியில் வில்போல வளைந்த கோடுகள் ஓடின. வட்ட ரம்பம் அறுத்தால்தான் அந்த வளைவு விழும். இருவர் மேலும் கீழும் நின்று இழுக்கும் கைரம்பம் நேர்க்கோடுகளையே விடும், அவையும் ஒன்றுபோல் இருக்காது. பலகையைக் காலோடு பிடித்திருந்த ஸ்க்ரூக்களின் தலையில் நட்சத்திர வெட்டு. அந்த வகை ஸ்க்ரூ 1930களில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. "ஸ்க்ரூவைப் பின்னாடி ரிப்பேருக்குப் போட்டிருக்கலாமே?" என்று கேட்டேன். "போட்டிருக்கலாம். அப்டின்னா பக்கத்துல பழைய ஆணித் துளை இருக்கணும். இல்லியே. பலகையே புதுசு. கால் தாத்தா, பலகை பேரன்" என்றார்.

மேலைநாட்டு நிபுணர்கள் வைத்திருக்கும் சோதனைகளும் ஏறக்குறைய இவைதாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய ஸ்க்ரூக்களுக்குக் கூர் முனை அநேகமாக இருக்காது, மழுங்கியிருக்கும். கம்பியிலிருந்து வெட்டிய உருண்டை ஆணி பரவலானது அந்த நூற்றாண்டின் கடைசியில். மரம் தன் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும், நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது. ஆகவே நூறு வருஷம் கண்ட வட்ட மேசையை இரண்டு திசைகளில் அளந்தால் ஓர் அளவு சற்றுக் குறையும். சுற்றிலும் அளவு பிசகாத 'பழைய' வட்ட மேசையைச் சந்தேகிக்க வேண்டும். தேய்மானம் தேய வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்பதும் முக்கியம். நாற்காலியின் முன்சட்டம் கால்பட்டுத் தேயும், பின்சட்டம் ஏன் தேயப் போகிறது? டீ டிகாக்ஷனும் பெர்மாங்கனேட்டும் நிறத்தைக் கொடுத்துவிடும். சங்கிலியால் அடித்தால் தழும்பு விழும். ஆனால் எங்கே தேய வேண்டும் என்பது, அதில் உட்கார்ந்தவர்களின் உடம்பை யோசிக்காதவனுக்குத் தெரியாது.

2

வயதையாவது மரம் ஓரளவு காட்டிக்கொடுக்கும். 'பாணி' என்பது முழுக்க முழுக்கப் பெயரிடும் அதிகாரத்தின் சமாச்சாரம். இதற்கு நல்ல உதாரணம் ஹொரேஸ் வால்போல். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இந்தப் பிரபு, தன்னுடைய ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்காகக் கருங்காலி நாற்காலிகளைத் தேடித்தேடி வாங்கினார். அவை டியூடர் மன்னர்கள் காலத்தவை, எட்டாம் ஹென்றியின் மந்திரி கார்டினல் வூல்ஸி காலத்துச் சொத்து என்று நம்பினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நம்பினார்கள். இங்கிலாந்தின் புராதனத்துக்கே சாட்சியமாக அவை நின்றன. உண்மையில் அவ்வகை நாற்காலிகள் 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையில், ஐரோப்பியக் கம்பெனிகளின் தேவைக்காக நம் பக்கத்துத் தச்சர்கள் செய்தவை. 2001இல் வெளியான அமீன் ஜாஃபரின் ஆய்வு நூல் இந்தப் பொருள்களின் இந்திய வரலாற்றை விரிவாகப் பேசுகிறது.

வால்போல் ஏமாந்தார் என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அது போதவில்லை. அந்த நாற்காலிகளுக்கு ராஜா பெயர் வைக்க முடிந்தது, மந்திரி பெயர் வைக்க முடிந்தது. செய்தவன் பெயர் மட்டும் எந்தக் கட்டத்திலும் தேவைப்படவில்லை. 'விக்டோரியா ஸ்டைல்' என்று நம் கடைக்காரர் சொல்லும்போதும் அதேதான் நடக்கிறது. உளி பிடித்தது இங்கே ஓர் ஆசாரி, காலத்துக்குப் பெயர் லண்டனில் ஒரு ராணி. அந்தப் பளபளப்புக்கும் 'பிரெஞ்சு பாலிஷ்' என்று பெயர். அது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. அரக்குக்கோ உலகத்திலேயே பேர்போன இடம் இந்தியா!

3

பர்மா தேக்குக்கு வருவோம். 1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் வசமான பிறகு அங்கே நாட்டுக்கோட்டை நகரத்தாரின் லேவாதேவி பெருகியது. செட்டிநாட்டு வளவுகளின் தேக்குத் தூண்களுக்குப் பின்னால் ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயியின் வட்டி இருக்கிறது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது அந்த உலகம் உடைந்தது. பிறகு வீடுகள் பங்கு பிரிந்தன. கதவுகள், தூண்கள், பெட்டகங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. தோப்பில் முகமது மீரானின் 'சாய்வு நாற்காலி' (1997இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது) இதே சரிவைத் தென்கோடியில் வைத்துச் சொல்கிறது. அங்கும் வீடு தன் சாமான்களை விற்றுத் தின்கிறது. ஆக, 'ஆன்டிக்' என்பது வீழ்ந்த அதிகாரம் சந்தைக்கு வரும்போது பெறும் பெயர்.

சட்டமும் இதில் ஒரு கை வைத்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, கைவினையை எடுத்துக்காட்டும் பொருள் நூறு வயதைத் தொட்டால் தொல்பொருளாகிவிடும். தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. விளைவு வேடிக்கையானது. வாங்குபவரிடம் பெஞ்சுக்கு நூற்றைம்பது வயது இருந்தாக வேண்டும். துறைமுகத்தில் அதே பெஞ்சு போன மாசம் செய்ததாக இருந்தாக வேண்டும். "அதெல்லாம் பேப்பர்ல பாத்துக்கலாம் சார்" என்று எங்கள் கடைக்காரர் சிரித்தார். மறுமுனையில் சண்டிகர். பியர் ஜானரே வடிவமைப்பில் 1950களிலிருந்து அரசு அலுவலகங்களுக்குச் செய்த நாற்காலிகள் கழிவாக ஏலம் போயின. அவையே ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் லட்சக்கணக்கில் விலைபோனபோது விழித்துக்கொண்ட உள்துறை அமைச்சகம் 2011இல் தடை போட்டது. நூறு வயதாகாததால் தொல்பொருள் சட்டம் அவற்றைத் தொடவில்லை. விலை வயதைக் கேட்டு வருவதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

4

இதே ஊரில் விலைக்கு வெளியே நிற்கும் மரங்களும் உண்டு. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதிகளில் ஓடும் பெரிய தேருக்கு என்ன வயது? அச்சு மாறும், சக்கரம் மாறும், செதுக்குப் பலகை மாறும். யாரும் அதைப் போலி என்று சொல்வதில்லை. இழுக்கிறவரைக்கும் அது அதே தேர். ரமணாசிரமத்தின் பழைய ஹாலில், ரமணர் சாய்ந்திருந்த சோபாவின் பாணி என்ன என்று கேட்பாருமில்லை. புழக்கத்திலிருந்து பிடுங்கப்பட்ட பொருளுக்குத்தான் 'அசல்' என்ற சான்றிதழ் தேவைப்படுகிறது. எங்கள் பெஞ்சில் பேரன் பலகை போட்டவன் உட்காரப் போட்டிருந்தால் அது ரிப்பேர். விற்கப் போட்டதால் மோசடி.

உட்காருவது என்று சொன்னேன். யார் உட்காருவது? மேசை, அலமாரி என்ற சொற்கள் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தவை. ஈழத்தமிழர் சொல்லும் கதிரையும் அப்படியே. கட்டில் நம்முடையது, சங்க காலத்துப் பழசு. மோசிகீரனார் அறியாமல் படுத்துறங்கியது முரசு கட்டில், அரசனுக்குரிய புனிதப் பொருள். வாளுக்குப் பதில் கவரி கிடைத்ததால் புறநானூறு அதைப் பாடுகிறது. தகாதவன் ஏறினால் வெட்டு என்பதுதான் விதி, மன்னிப்பு விதிவிலக்கு. அந்த விதி எங்கே போயிற்று? டீக்கடை பெஞ்சில் தலித்துகளை உட்கார விடாத ஊர்கள் நமக்குத் தெரியும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சி மன்றத் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படம் வெளிவந்தது. அவர் தலித் பெண். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அந்த நாற்காலிகளுக்கு ஆன்டிக் சந்தையில் பத்துப் பைசா பெறாது. ஆனாலும் ஒரு சமூகமே அவற்றின் மதிப்பைத் துல்லியமாக எடைபோட்டு வைத்திருந்தது.

பெஞ்சை வாங்கவில்லை. நிமிர்த்துவதற்கு முன் ஆசாரி ஒரு கால் மூட்டைக் காட்டினார். உளியால் கீறிய மூன்று சின்னக் கோடுகள். எதிரே துளையின் ஓரத்திலும் மூன்று. "எந்தக் கழுந்து எந்தத் துளைக்குன்னு குறி போட்டுக்குவோம்" என்றார். பாலிஷ் போட்டவன் அதை விட்டுவிட்டிருந்தான், கண்ணில் படவில்லை போல. "நீங்க இந்த மாதிரி பெஞ்சு நெறைய செஞ்சிருப்பீங்க இல்ல?" என்று கேட்டேன்.

"செஞ்சிருக்கேன்."

"அதுல உக்காந்திருக்கீங்களா?"

"ஆட்டுதான்னு பாக்க உக்காருவேன். அப்புறம் வீட்டுக்காரங்க வந்துருவாங்க" என்றபடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.