கோர்டன் பெயரில் ஒரு செடி

இன்ஜினியருக்குச் செடிகொடியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். காப்புரிமை எங்கள் தொழிலிலும் உண்டு, அதனால்தான் எழுதுகிறேன்.

சதைப்பற்றுச் செடியை அழுத்திக் காயவைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. காய்வதற்குள் அழுகிவிடும், காய்ந்தாலும் உருவம் தெரியாது. அதனால் பழைய பதிவுகள் பலவற்றில் படம்தான் சாட்சி. 1779இல் தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு நதிப் பக்கம் போன டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி ராபர்ட் கோர்டன், முள் நிறைந்த ஒரு செடியைப் படமாக்கி வைத்தார். அந்தப் படத்தை வைத்தே 1797இல் பிரான்சிஸ் மாசன் அதற்குக் கோர்டன் பெயரைச் சூட்டினார். இன்று அது ஹூடியா கோர்டோனி. நம்ம ஊர் கள்ளிமுளையானுக்குச் சொந்தக்காரச் செடி!

அதைத் தின்று பசியை அடக்கிக்கொண்டு வேட்டைக்குப் போனவர்கள் சான் மக்கள். 1990களின் நடுவில் அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனம் அதன் பசியடக்கும் சத்துக்குக் காப்புரிமை கோரியபோது, அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, 2003இல்தான் வருமானத்தில் பங்கு தர ஒப்பந்தம் ஆயிற்று.

மாணவத் தம்பி தங்கைகளே, ஹெர்பேரியத் தாளில் சேகரித்தவர் பெயர், இடம், தேதி எழுதுகிறீர்கள். செடியைக் காட்டித் தந்த ஊர்க்காரர் பெயரையும், அவர் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு வரி போதும்.