இல்லாத காலில் வலி: மூளையில் நடப்பது என்ன?

சர்க்கரை நோயால் புண் ஆறாமல் காலை எடுத்தவர்கள் கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் என நம் பகுதியிலும் இருக்கிறார்கள். கால் எடுத்தவர்களில் பலர், "எடுத்த காலில் விரல் மடங்கி இழுக்கிறது, பாதம் எரிகிறது" என்று சொல்வதுண்டு. மனக்குழப்பம் என்று சில வீடுகளில் ஒதுக்கிவிடுகிறார்கள். ஜின்னின் சேட்டையோ என்று ஓதிப் பார்க்க அழைத்துச் செல்வோரும் உண்டு. துஆ செய்வது நல்லதே. ஆனால் இது மருத்துவம் நன்கு அறிந்த ஒரு நிலை என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை, கால் இழந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர், 1871ல் இதற்கு 'மாய உறுப்பு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

மூளை காலை மறப்பதில்லை

உடலின் ஒவ்வொரு உறுப்பையும் அசைப்பதற்கு மூளையில் தனித்தனிப் பகுதி உண்டு. காலை எடுத்தாலும் அதற்குரிய பகுதி மூளையில் இருந்துகொண்டே இருக்கிறது. உறுப்பை இழந்தவரிடம், "இல்லாத விரல்களை அசையுங்கள்" என்று சொல்லி எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால், மூளையின் இயக்கப் பகுதி வேலை செய்வது தெரிகிறது. எஞ்சிய பகுதியின் தசைகளும் இறுகுகின்றன. மனதில் வெறுமனே கற்பனை செய்வதும், இல்லாத உறுப்பை அசைக்க முயல்வதும் ஸ்கேனில் வேறுபட்டே தெரிகின்றன. முயலும்போது மூளைக்கு அது உண்மையான அசைவுதான்.

கட்டளை போகிறது, பதில் வருவதில்லை. இந்த முரண்பாடு வலிக்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். வெட்டுப்பட்ட நரம்பு முனைகளும் தண்டுவடமும்கூட இதில் பங்கு வகிக்கின்றன.

ஒரு தமிழரின் கண்ணாடி

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் சான் டியாகோவில் பேராசிரியராக இருந்த டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் எளிய வழி ஒன்றைக் கண்டார். ஒரு கண்ணாடியை நடுவில் நிறுத்தி, நலமாக உள்ள கையை அதன் முன் அசைக்கச் சொன்னார். கண்ணாடியில் தெரியும் கை, இழந்த கை இருந்த இடத்தில் அசைவது போலத் தோன்றும். எதிர்பார்த்த பதில் கண் வழியாக மூளைக்குக் கிடைத்துவிடுகிறது. இறுகிக் கிடந்த மாயக் கை தளர்ந்ததாகச் சிலர் கூறினர்.

காலை இழந்த அமெரிக்க ராணுவத்தினரிடம் நடந்த ஓர் ஆய்வு 2007ல் வெளியானது. தினமும் 15 நிமிடம் என 4 வாரங்கள் கண்ணாடிப் பயிற்சி செய்த 6 பேருக்கும் வலி குறைந்தது. கண்ணை மூடி அசைவைக் கற்பனை மட்டும் செய்த 6 பேரில் 4 பேருக்கு வலி கூடியது. சிறிய ஆய்வுதான், எல்லோருக்கும் இது பலன் தருவதில்லை.

குடும்பத்தார் செய்ய வேண்டியது

இந்தப் பயிற்சியை மருத்துவர் அல்லது பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதலில் தொடங்குங்கள். நரம்பு வலிக்கு மாத்திரைகளும் உண்டு. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, சிதம்பரம் அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இதைப் பற்றிக் கேட்கலாம். எஞ்சிய காலில் சிவப்பு, வீக்கம், புண் தெரிந்தால் அது வேறு பிரச்சினை. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அத்தா "பாதம் வலிக்கிறது" என்று சொன்னால், "கால்தான் இல்லையே" என்று பதில் சொல்லாதீர்கள். கால் இல்லை, வலி இருக்கிறது. அதை நம்புவதே நாம் செய்யும் முதல் சிகிச்சை. வல்ல அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக!