கீழே விழுந்த இடுக்கி

ஆட்டையாம்பட்டி என்றதும் முறுக்குதான் நம் நினைவுக்கு வரும். தரையில் விழுந்த மாவை மீண்டும் பாத்திரத்தில் சேர்க்கலாகாது என்பதை நம் தாய்மார் ஏட்டில் படித்துக் கற்றவர் அல்லர். இந்த எளிய ஒழுங்கு ஒருமுறை தவறியதால் நேர்ந்த துயரத்தை வரலாறு பதிந்து வைத்துள்ளது.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. பின்னாளில் நம் சேலம் மாவட்டத்தையும் அது விட்டுவைக்கவில்லை. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ஹாஃப்கின் என்னும் அறிஞர் பம்பாய்க்கு வந்து, அந்நோய்க் கிருமிகளை வளர்த்து, வெப்பத்தால் கொன்று, தடுப்பூசி மருந்து செய்தார். 1897 சனவரி 10 அன்று அதைத் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டார்.

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபிலுள்ள முல்கோவால் சிற்றூரில் 107 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அவர்களுள் ஒரே புட்டியின் மருந்தைப் பெற்ற 19 பேர் இரணஜன்னியால் மாண்டனர். அப்புட்டியைத் திறக்கையில் உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்தது என்பது விசாரணையில் தெரிந்தது. தீயில் காட்டித் தூய்மை செய்யவேண்டிய அதை, அவர் கார்பாலிக் நீரில் மட்டும் அலசிவிட்டு மீண்டும் பயன்படுத்தினார். இரணஜன்னிக் கிருமியின் வித்துகளோ மண்ணில் வாழ்பவை. அத்தகைய அலசலுக்கு எளிதில் மடியாதவை.

ஆயினும் பழி ஆய்வுக்கூடத்தின் மேல் விழுந்தது. ஹாஃப்கின் பதவியிழந்தார். ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் அவருக்காகக் குரல் கொடுத்தனர். புட்டி ஊரில் திறக்கப்பட்டபோதே மாசுபட்டிருக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்று, 1907-இல் அவர் மீதான பழி நீங்கியது. 1925 முதல் அந்த ஆய்வுக்கூடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

2020-இல் கொரோனா பரவியபோது, நம் தொண்டையிலிருந்து எடுத்த சளி மூன்றடுக்குப் பொதியில் பனிக்கட்டியுடன் ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியிலும் சோதனைகள் நடந்தன. கையுறையும் முகக்கவசமும் அணிந்து உழைத்த அந்த ஊழியரின் பெயர்களை நாம் அறியோம். நம் உயிர் அவர்களுடைய கவனத்தில் அடங்கியிருந்தது.

அறிஞரின் அறிவு எவ்வளவு பெரிதாயினும், மருந்து நம்மை வந்தடைவது கடைசியாகத் தொடும் கையின் வழியாகத்தான். கருவி விழுந்துவிட்டால், ‘விழுந்துவிட்டது; வேறொன்று தாருங்கள்’ என்று சொல்லும் துணிவு அக்கைக்கு உரியவருக்கு வேண்டும். அச்சமின்றி அதைச் சொல்லும் சூழலை அமைத்துத் தருவது மேலிருப்போரின் கடமை அன்றோ?