திருவென்பு மூட்டும் கைம்முறை மருத்துவமும்

சிங்கப்பூரின் கிழக்கிலுள்ள தெம்பனிஸ், வைரம் பாய்ந்த ஒரு மரத்தால் பெயர் பெற்ற ஊராகும். அவ்வட்டாரத்தைச் சேர்ந்த சிமெயில் 1997 முதல் சாங்கி பொது மருத்துவமனை இயங்கி வருகிறது. அங்கு இயன்முறை மருத்துவமும் அளிக்கப்படுகிறது. இடுப்பு வலி கண்டவுடன், "பூட்டு விலகிவிட்டது, தட்டிச் சேர்த்தால் தீரும்" என்று கூறுவது நம் மக்களிடையே வழக்கம். இக்கூற்று எந்த அளவுக்கு மெய் என்பதைக் கைம்முறை மருத்துவத்தின் வரலாறு தெளிவாக்குகிறது.

சித்த மருத்துவம் கூறும் 32 புறமருத்துவ முறைகளுள் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அஃது ஒன்பது வகைப்படும். இவை யாவும் தொழிற்பெயர்கள் என்பது நோக்கத்தக்கது. கை செய்யும் வேலையை இவை குறிக்கின்றனவேயன்றி, எலும்பு இடம் மாறியதாகக் குறிக்கவில்லை.

மேனாட்டில் 1813இல் பெர் ஹென்ரிக் லிங் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவி, பயிற்சியையும் பிடித்துவிடுதலையும் மருத்துவத்துடன் இணைத்தார். 1894இல் இலண்டன் செவிலியர் நால்வர், பயிற்சி பெற்ற பிடித்துவிடுநருக்கென ஒரு சங்கம் கண்டனர். இன்றைய பிரிட்டானிய இயன்முறை மருத்துவர் சங்கத்தின் தோற்றுவாய் அதுவே.

முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பை இலத்தீனில் 'புனித எலும்பு' என்றனர். தமிழில் அது திருவென்பு. அதன் இருபுறமும் இடுப்பெலும்புகள் பொருந்தியுள்ளன. 1905இல் பாஸ்டன் மருத்துவர்களான கோல்ட்வெயிட்டும் ஆஸ்குட்டும் இம்மூட்டே வலிக்குக் காரணமாகலாம் என்று எழுதினர். அதன்பின் பலரும் இடுப்பு வலிக்கு இம்மூட்டையே குற்றஞ் சாட்டினர். 1934இல் அதே நகரின் மிக்ஸ்டரும் பாரும், முள்ளெலும்புகளிடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை விளக்கினர். அறிஞர் கவனம் வட்டின் மேற் சென்றது; திருவென்பு மூட்டு பல்லாண்டுகள் பின்தள்ளப்பட்டது.

மூட்டு உண்மையில் எவ்வளவு அசைகிறது? 1989இல் சுவீடன் நாட்டு ஸ்டூரெசன் குழுவினர், எலும்பில் நுண்ணிய உலோக மணிகளைப் பதித்து ஊடுகதிர்ப் படத்தால் அளந்தனர். சராசரிச் சுழற்சி ஏறத்தாழ 2.5 பாகையே. 1998இல் டுல்பர்க் குழுவினர் அம்முறையாலேயே நோயாளர் பதின்மரை ஆராய்ந்தனர். கையால் மூட்டைச் சரிசெய்தபின் தொட்டறியும் சோதனைகள் சீராயின. எனினும் எலும்பின் நிலை சிறிதும் மாறவில்லை.

ஆகவே கைம்முறை பயனற்றது என்று கொள்ளுதல் தவறு. தேர்ந்த கை வலியையும் தசை இறுக்கத்தையும் சிறிது காலம் தணிக்கக்கூடும். அவ்விடைவேளையில் நோயாளர் அஞ்சாது நடந்து, பயிற்சி செய்தால் பயன் நிலைக்கும். பூட்டு விலகிற்று என்று நம்புவோரோ அசையவே அஞ்சுவர். மீண்டும் மீண்டும் பிறர் கையையே நாடுவர். கால் பலமிழத்தல், சிறுநீர் தடைப்படுதல் ஆகியவை தோன்றினால் பிடித்துவிடுவதில் காலங் கழியாது உடனே மருத்துவமனை செல்லல் வேண்டும்.

சிங்கப்பூரில் 2011இல் இயற்றப்பட்ட சட்டம் இயன்முறை மருத்துவர் பதிவு பெறுதலைக் கட்டாயமாக்கிற்று. எலும்பைப் பூட்டுவதாகக் கருதப்பட்ட கை, இன்று நோயாளரைத் தம் காலில் நடக்கத் துணைசெய்யும் கையாக அறியப்படுகிறது.