கடல் இல்லாத ஊரில் கடலுக்கு ஒரு காது

"அப்பா, ஹைதராபாத்ல கடலே இல்லையே, சுனாமி ஆபீஸ் எதுக்கு?" பிரகதி நகர் பக்கம் போனபோது மகன் கேட்டான். எனக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 அன்று இங்கே உட்கார்ந்துகொண்டு சித்தப்பா வீட்டுக்கு போன் போட்டுப் போட்டு லைன் கிடைக்காமல் தவித்தவன். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

அன்று சுமத்ரா பக்கம் பூமி குலுங்கியது நம் நேரப்படி காலை 6.29-க்கு. அலை நாகைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரம் இருந்தும் சொல்வதற்கு ஆளில்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

1999-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய இன்காய்ஸ் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007 அக்டோபரில்தான். அதற்காகக் கடலடியில் அழுத்தமானிகளை இறக்கியவர்கள் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் என்.ஐ.ஓ.டி.காரர்கள். தலைக்கு மேல் 3 கி.மீ. தண்ணீர் நின்றாலும், கடல்மட்டம் சில சென்டிமீட்டர் உயர்ந்தால் அந்தப் பெட்டிக்குத் தெரிந்துவிடும். ஆனால் சொல்வது எப்படி? கடல்நீருக்குள் ரேடியோ அலை போகாது, ஜி.பி.எஸ். எட்டாது. ஒலி மட்டும்தான் போகும். பெட்டி ஒலியாக மேலே மிதவைக்குச் சொல்ல, மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்ல, அங்கிருந்து ஹைதராபாத்.

இதில் பெட்டி போய் உட்கார்ந்த இடம் சரியாகத் தெரிந்தாக வேண்டும். மிதவை அதன் காதுக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டுமே! கப்பலிலிருந்து விட்டால் பெட்டி நேராகவா விழும்? நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். அதனால் கப்பல் சுற்றிவந்து மூன்று நான்கு இடங்களில் நின்று 'டிக்' என்று கேட்கும். கீழிருந்து பதில் வரும். போய்வந்த நேரத்தில் பாதியை ஒலியின் வேகத்தால் பெருக்கினால் தூரம்.

அந்த வேகம்தான் வம்பு. 1826-ல் ஜெனீவா ஏரியில் கொலாடோன் என்பவர் தண்ணீருக்குள் மணியடித்து அளந்தபோது வினாடிக்கு 1,435 மீட்டர். கடலில் சுமார் 1,500. அதுவும் சூடு, உப்பு, ஆழம் பார்த்து மாறும். வங்கக் கடலில் மேலே வெதுவெதுப்பு, அடியில் ஃப்ரிட்ஜ் குளிர். கணக்கில் ஒரு சதவீதம் பிசகினால் 3,000 மீட்டருக்கு 30 மீட்டர் தள்ளிப்போகும். ஆகவே முதலில் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அடிவரை அளந்துவிடுவார்கள். (கடலடியில் எரிவாயுக் குழாய்களை இணைப்பவர்களுக்கு இதே வித்தையில் சென்டிமீட்டர் சுத்தம் வேண்டும்.)

இவ்வளவு செய்தும் மிதவைக்கு ஆபத்து நம்மாட்களால்தான். மிதவையடியில் மீன் கூடும், மீன்பிடிப் படகுகள் வந்து கட்டும், கருவி உடையும். எங்கள் ஊர்க்காரர்களைத் திட்டவும் மனசு வரவில்லை.

2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ரா அருகே மறுபடி 8.6. மெரினாவைக் காலி செய்தார்கள். கருவிகள் காட்டியது சிறிய ஏற்றம்தான், எச்சரிக்கை விலகியது. அன்று சித்தப்பாவுக்கு போன் போட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்.